காட்டுக் கொசுவைப் பிடித்து எண்ணுவதால் யாருக்கு என்ன லாபம்?

திண்ணைப்பேச்சு:
வணக்கம். வம்புக்காகக் கேட்கலை, நிஜமாவே புரியாமதான் கேட்கிறேன். மழைக்காட்டுக்குள்ள மரத்து மேல பரண் கட்டி உட்கார்ந்து கொசு பிடிக்கிறவங்களைப் பற்றி ஒரு ஆவணப்படத்துண்டு பார்த்தேன். வருஷக்கணக்கா இதே வேலையாம். டெங்குவும் சிக்குன்குனியாவும் பரப்புற ஏடிஸ் ஈஜிப்தி நம்ம வீட்டுத் தண்ணித்தொட்டியில வளருது. அதைக் கட்டுப்படுத்தவே எந்த நாட்டுலயும் ஆளும் இல்லை, காசும் இல்லை. இந்த நேரத்துல ஆளே இல்லாத காட்டுல, 100 அடி உயரத்துல பறக்கிற கொசுவை எண்ணி என்ன ஆகப்போகுது? அந்தக் கொசுவை ஒழிக்கவும் முடியாது, காட்டுக்கு மருந்தடிக்கவும் முடியாது. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பொந்துநீர்:
நல்ல கேள்வி. நான் பூச்சியியல் படித்தவன், காட்டுக் கொசுதான் என் துறை. அதனால் என் பதிலில் கொஞ்சம் சாய்வு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

"ஆளே இல்லாத காடு" என்றீர்கள். ஜிகா காய்ச்சல் அப்படிப்பட்ட ஒரு காட்டில்தான் முதலில் பிடிபட்டது. உகாண்டாவில் விக்டோரியா ஏரிக்கரையில், என்டெபெக்குப் பக்கத்தில் உள்ள ஜிகா காடு. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1936-இல் என்டெபெயில் தொடங்கிய ஆய்வு நிலையத்தார் அங்கே தேடியது மஞ்சள் காய்ச்சல் வைரஸை. மரத்தின் மேல் பரண் கட்டி, கொசு வந்து கடிக்கட்டும் என்று கூண்டில் ரீசஸ் குரங்குகளை வைத்திருந்தார்கள். 1947 ஏப்ரலில் 766 என்று எண்ணிடப்பட்ட குரங்குக்குக் காய்ச்சல் கண்டது. ரத்தத்தைச் சோதித்தால் அதுவரை யாரும் பார்த்திராத ஒரு வைரஸ். 1948 ஜனவரியில் அதே காட்டில் பிடித்த ஏடிஸ் ஆஃப்ரிகானஸ் கொசுக்களிலும் அதே வைரஸ் கிடைத்தது. காட்டில் பிறந்து ஊருக்குள் இறங்கிய கதைதான் மஞ்சள் காய்ச்சலுக்கும் டெங்குவுக்கும் சிக்குன்குனியாவுக்கும். உங்கள் தண்ணீர்த்தொட்டிக் கொசு பரப்பும் நோய்கள் அத்தனைக்கும் பூர்வீகம் குரங்கும் காட்டுக் கொசுவும் சேர்ந்த சுழற்சிதான்.

திண்ணைப்பேச்சு:
சரி, 1947-ல கண்டுபிடிச்சாச்சு. 2007-ல பசிபிக் கடல்ல இருக்கிற யாப் தீவுல பரவுச்சு, 2013-ல பிரெஞ்சு பாலினேசியா, 2015-ல பிரேசில். குழந்தைங்க சின்னத் தலையோட பிறந்த பிறகு, 2016 பிப்ரவரியிலதான் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை அறிவிச்சுது. நடுவுல 68 வருஷம்! கையில வைரஸை வச்சுக்கிட்டே கோட்டை விட்டிருக்காங்களே. இது உங்க பக்கத்துக்கு வாதமா, என் பக்கத்துக்கு வாதமா?

பொந்துநீர்:
உங்கள் பக்கத்துக்குத்தான், பாதி அளவுக்கு. கண்டுபிடிப்பது வேறு, கண்காணிப்பது வேறு. ஒரு வைரஸுக்குப் பெயர் வைத்துக் குளிர்பெட்டியில் பூட்டிவிட்டுப் போவதைக் கண்காணிப்பு என்று நானும் சொல்லமாட்டேன். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்து, அதை முடிவெடுக்கிறவர் மேசைக்கு நேரத்தோடு கொண்டுபோவதுதான் கண்காணிப்பு. ஜிகா விஷயத்தில் இந்தப் பின்பாதி நடக்கவில்லை.

வெண்குருதி:
மருத்துவராக நானும் உள்ளே வருகிறேன். திண்ணைப்பேச்சு அவர்களே, ஜிகாவை விட்டுவிட்டு மஞ்சள் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். கண்காணிப்பு எதற்கு என்பது அதில்தான் பளிச்சென்று தெரியும்.

இதற்கு மிக நல்ல தடுப்பூசி இருக்கிறது. மேக்ஸ் தீலர் குழுவினர் 1937-இல் உருவாக்கிய 17டி. அதற்காக 1951-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஒரே ஊசி, பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுதும் பாதுகாப்பு. ஆனால் ஊசி போட்டு சுமார் 10 நாள் கழித்துத்தான் அதை நம்ப முடியும். நோயாளி வந்து சேர்ந்த பிறகு ஊரைத் திரட்டி ஊசி போட்டால், அந்த 10 நாளுக்குள் கடிபட்டவர்கள் கதி? நோய் முற்றினால் கொடுக்க நிலைநாட்டப்பட்ட வைரஸ் மருந்து கிடையாது. கல்லீரல் செயலிழப்பு, ரத்தக்கசிவு என்று போகும். கடும் நிலைக்குப் போனவர்களில் பாதிப்பேர் வரை இறக்கிறார்கள்.

பிரேசிலில் 2016 கடைசியில் தொடங்கி 2018 வரை நடந்தது இது. அமேசானுக்கு வெகுதூரத்தில், தென்கிழக்குப் பக்கம், தடுப்பூசி தேவையே இல்லை என்று பல காலம் விடப்பட்டிருந்த மக்கள் நெருக்கமுள்ள பகுதிகளிலும் காடுகளில் ஹவ்லர் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. பரப்பியவை முக்கியமாக ஹீமகோகஸ் இனக் காட்டுக் கொசுக்கள். இரண்டு பருவத்திலும் சேர்த்து 2,000 பேருக்கு மேல் நோய் உறுதியானது, 700 பேருக்கு மேல் இறந்தார்கள். இத்தனையும் காட்டோரத்தில் வாங்கிய கடி. பிரேசிலில் 1942-க்குப் பிறகு ஏடிஸ் ஈஜிப்தி வழியாக நகரத்துக்குள் மஞ்சள் காய்ச்சல் சுற்றியதே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சாவ் பாவ்லோ மாநிலத்தில், செத்த குரங்கு கிடைத்த இடங்களை வரைபடத்தில் குறித்து, காட்டுத்துண்டுகள் ஒன்றோடொன்று தொட்டுப்போகும் வழிகளையும் அதன் மேல் பொருத்தி, வைரஸ் அடுத்து எந்தத் திசையில் போகும் என்று கணித்தார்கள். அந்தப் பாதையில் முன்னால் இருக்கும் ஊர்களுக்கு முதலில் ஊசி. மருந்து போதாதபோது வழக்கமான அளவில் ஐந்தில் ஒரு பங்கைப் போட்டார்கள். யாருக்கு முதலில் என்பதற்கு ஒரு வரிசை இருந்தது என்றால், அதைக் கொடுத்தது காடு.

மழைக்குருவி:
டாக்டர், படிக்கவே பதறுது. ஆனா ஒரு சந்தேகம். செத்த குரங்கை எண்ணினாலே போதும்னு ஆகுதே? கொசு எதுக்கு?

திண்ணைப்பேச்சு:
நான் கேட்க வந்ததை நீங்க கேட்டுட்டீங்க தங்கச்சி 🙂

பொந்துநீர்:
மழைக்குருவி கேட்டதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி.

அமெரிக்கக் கண்டத்துக் குரங்குகள் மஞ்சள் காய்ச்சலில் சாவதற்குக் காரணம், அந்த நோய் அங்கே பிறந்ததல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களில் கொசுவும் வைரஸும் போய்ச் சேர்ந்து, ஊர்களில் சுற்றி, பிறகு காட்டுக்குள் புகுந்து தங்கிவிட்டது. அங்குள்ள குரங்குகளுக்கு அது புதுசு. ஹவ்லர் குரங்கு பெரும்பாலும் தப்பாது. ஆப்பிரிக்கக் குரங்குகள் அப்படியில்லை. காலங்காலமாக அந்த வைரஸோடு வாழ்ந்தவை. ரத்தத்தில் வைரஸ் ஏறி இறங்கும், பார்க்க ஒன்றும் தெரியாது. அங்கே செத்த குரங்குக்காகக் காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆசியாவில் காட்டு டெங்குவும் அப்படி. மலேசியக் காடுகளில் 1960, 70களில் ஆல்பர்ட் ருட்னிக் குழுவினர் பார்த்தது இது: உச்சிக்கிளைகளில் ஏடிஸ் நிவியஸ் வகைக் கொசுக்கள் குரங்குக்குக் குரங்கு டெங்கு வைரஸைக் கடத்திக்கொண்டிருந்தன, குரங்குகள் பாட்டுக்கு ஆரோக்கியமாகத் திரிந்தன.

குரங்கு சாகிற இடத்திலும் சிக்கல் உண்டு. அடர்காட்டில் ஒரு உடல் சில நாட்களில் சிதைந்துவிடும். நம் கண்ணில் படுவது கொஞ்சம்தான். ஒரு அலையில் ஹவ்லர் கூட்டங்களே அழிந்துபோனால் அடுத்த அலைக்கு எச்சரிக்க அங்கே குரங்கே இருக்காது. ஆனால் கொசு இருக்கும். தாய்க் கொசுவிடமிருந்து முட்டை வழியாகவே வைரஸ் அடுத்த தலைமுறைக்குப் போவதும் உண்டு. அப்படிப் பிறக்கும் கொசு ஒருவரையும் கடிக்காமலே வைரஸோடு வெளியே வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆற்றாமையான விஷயம். பிரேசிலில் அந்த நேரத்தில் "குரங்குதான் நோய் பரப்புகிறது" என்று நம்பிப் பலர் குரங்குகளை அடித்தும் விஷம் வைத்தும் கொன்றார்கள். தங்கநிறச் சிங்க டாமரின் என்று ஒரு சின்னக் குரங்கு. பல பத்தாண்டுப் பாடுபட்டு 3,700 வரை பெருக்கியிருந்தார்கள். மஞ்சள் காய்ச்சல் புகுந்த பிறகு சுமார் 2,500 ஆனது. பின்னர் அவற்றுக்கே தடுப்பூசி போடவேண்டிவந்தது.

கரைவழி:
குரங்கு செத்தால் மனிதனுக்குக் காய்ச்சல் வரும் என்பது நமக்கும் தெரிந்ததுதானே. 1957-இல் கர்நாடகத்தில் கியாசனூர் காட்டில் கண்டுபிடித்த குரங்குக் காய்ச்சலும் இதே கொசு வகைதானா?

பொந்துநீர்:
இல்லை. கியாசனூர் காட்டு நோயைப் பரப்புவது உண்ணி. குரங்கு செத்து விழும் இடத்தைச் சுற்றி உண்ணிகள் பெருகும், அவ்வழி போகிறவர் மாட்டிக்கொள்வார். வைரஸ் மட்டும் மஞ்சள் காய்ச்சலுக்குத் தூரத்துச் சொந்தம். கொசுவை வைத்து அதைக் கண்காணிக்க முடியாது.

ஏணிப்படி:
பொந்துநீர் சார் பேசுறதையெல்லாம் கையால செய்யுற ஆள் நான். கொசு பிடிக்கிற வேலை. அது எப்படி நடக்குதுன்னு யாரும் கேட்கலை, கேட்காட்டியும் சொல்றேன்.

கொசுன்னா சாயங்காலம், ராத்திரின்னு நினைப்போம். ஹீமகோகஸ் உச்சிவெயில்ல வரும். பகல் 11 மணியிலேர்ந்து 3 மணி வரைக்கும், அதுவும் உயரத்துல. வெளிச்சப் பொறி வச்சா அதுல விழாது, பகல்ல விளக்கு யாருக்குத் தெரியும்? அதனால பரண்ல ஏறி உட்காரணும். கிட்ட வர்றதை வலையால வீசிப் பிடிக்கணும், இல்லைன்னா உடுப்புல வந்து உட்கார்ந்ததும் கண்ணாடிக் குழாயை மேல கவிழ்த்து உறிஞ்சி எடுக்கணும். குழாயோட வாய்ப்பக்கம் மெல்லிசான வலைத்துணி இருக்கும், இல்லைன்னா கொசு நம்ம தொண்டைக்குள்ள போயிடும். குழாய்க்குள்ள வந்ததும் வெயில்ல பிடிச்சுப் பார்த்தா நீலம் மினுங்கும், கொஞ்சம் திருப்பினா பச்சை. மயில்கழுத்து நிறம்னு சொல்லலாம். சபீதிஸ்னு இன்னொண்ணு இருக்கு, அதோட நடுக்கால்ல துடுப்பு மாதிரி மயிர்க்கற்றை தொங்கும். இவ்வளவு அழகான சனியனை வேற எங்கயும் பார்க்க முடியாது.

பிடிச்ச கொசுவை உயிரோட, இல்லைன்னா உடனே உறையவச்சுக் கொண்டுவரணும். திரவ நைட்ரஜன், உலர் பனிக்கட்டி இதெல்லாம் காட்டுக்குள்ள சுமக்கணும். நடுவுல குளிர் விட்டுப்போச்சுன்னா வைரஸோட மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. சிதைஞ்சுடும், சோதனையில "இல்லை"ன்னு வரும். அந்த "இல்லை" பொய். நம்ம வேலையில எனக்கு ரொம்பப் பயம் அதுதான்.

முட்டைக்குத் தனி வழி. கறுப்புக் கிண்ணத்துல தண்ணியும் காஞ்ச இலையும் போட்டு, மரப்பட்டி ஒண்ணைச் செருகி மரத்துல கட்டிடுவோம். மூங்கில் துண்டும் வைப்போம். முட்டை ஒட்டின பட்டியைக் கொண்டுவந்து தண்ணியில போட்டா எல்லாம் ஒரே தடவையில பொரியாது. காயவச்சு மறுபடி நனைச்சா கொஞ்சம், திரும்பக் காயவச்சு நனைச்சா இன்னும் கொஞ்சம். சிலது பல தடவை நனைச்ச பிறகுதான் பொரியும். ஒரு மழையை நம்பி எல்லாத்தையும் இழக்காம இருக்கிற தந்திரம். வறண்ட காலத்துலயும் மரப்பொந்துல அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கும்.

மழைக்குருவி:
உடுப்பில் உட்காரவிட்டுப் பிடிப்பதா?! கடித்தால்?

ஏணிப்படி:
கடிக்கிறதுக்கு முன்னாடி எடுக்கிறதுதான் பயிற்சி. தடுப்பூசி போடாம யாரையும் பரண்ல ஏத்தக்கூடாது. ஊசி இல்லாத நோய்க்கு என்ன பண்றதுங்கிறது நியாயமான கேள்வி. அதனாலதான் பல இடத்துல ஆளை இரையா வைக்கிற முறையை விட்டுட்டு, கரியமில வாயு விடுற பொறிக்கு மாறுறாங்க. ஆனா மனுஷன் பக்கத்துல வர்ற கொசு அத்தனையும் பொறியில வராது. இது இன்னும் தீராத சண்டை.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். காட்டுல பிடிக்கிறதுலயே பெருசா, பார்க்க ரொம்ப முரட்டுத்தனமா ஒரு கொசு இருக்கும், டாக்ஸோரிங்கைடிஸ். புதுசா வந்தவங்க அலறுவாங்க. அது ரத்தமே குடிக்காது, பூந்தேன்தான். அதோட புழு மத்த கொசுப்புழுக்களைப் பிடிச்சுத் தின்னும்.

திண்ணைப்பேச்சு:
ஏணிப்படி தம்பி, உங்க பதிவுக்கே ஒரு கும்பிடு. ஆனா கேள்வியை விடமாட்டேன். இவ்வளவு பாடுபட்டு ஆயிரம் கொசு பிடிச்சு, ஒண்ணுலகூட வைரஸ் இல்லைன்னா? அந்தப் பணம் போனது போனதுதானே?

கணக்கன்:
இதற்கு நான் பதில் சொல்லலாம், எண்கள்தான் என் பிழைப்பு. ஒரு காட்டில் 1,000 கொசுவுக்கு 1 என்ற அளவில் வைரஸ் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1,000 கொசு பிடித்தால் அந்த ஒன்றாவது உங்கள் கையில் சிக்குவதற்கான வாய்ப்பு 63 விழுக்காடு. "ஆயிரத்துக்கு ஒன்று, ஆயிரம் பிடித்தோம், எனவே கிடைத்திருக்கும்" என்று நினைப்பது தவறு. 95 விழுக்காடு உறுதி வேண்டுமானால் சுமார் 3,000 பிடிக்க வேண்டும். 300 கொசுவைச் சோதித்துவிட்டு "வைரஸ் இல்லை" என்று அறிக்கை எழுதினால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. அதே அறிக்கையில் எத்தனை கொசு, எந்த இனம், எந்த உயரம் என்று இருந்தால் மதிப்பு உண்டு. "இல்லை" என்பதும் ஒரு தகவல்தான், எவ்வளவு தேடினோம் என்பதோடு சேர்த்துச் சொன்னால்.

இன்னொன்று: ஒவ்வொரு கொசுவாகச் சோதிப்பதில்லை. ஒரே இனத்தில் பத்து, இருபது, ஐம்பது என்று சேர்த்து அரைத்து, அதை ஒற்றைச் சாம்பிளாக வைத்து, வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்கிறார்கள். செலவு வெகுவாகக் குறையும்.

பொந்துநீர்:
கணக்கன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வைரஸ் கிடைக்காத கொசுவிலும் படிக்க நிறைய இருக்கிறது. அதன் சூலகத்தைப் பிரித்து மூச்சுக்குழல் நுனிகளை உருப்பெருக்கியில் பார்த்தால், சுருண்டிருக்கிறதா விரிந்திருக்கிறதா என்பதை வைத்து அது ஒருமுறையாவது முட்டையிட்டதா என்று சொல்லிவிடலாம். இது ஏன் முக்கியம்? வைரஸைக் குடித்த கொசு உடனே பரப்பாது. வைரஸ் அதன் குடலிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச்சேர வெப்பநிலையைப் பொறுத்து ஒரு வாரம், பத்து நாள், அதற்கு மேலும் ஆகும். அதுவரை உயிரோடு இருக்கும் கிழட்டுக் கொசுதான் ஆபத்து. பத்தாயிரம் இளங்கொசுவைவிட ஆயிரம் கிழட்டுக் கொசு மோசம். வெறும் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படுவதும் நிம்மதியடைவதும் இரண்டும் ஏமாற்றும்.

வயிற்றில் உள்ள ரத்தம் யாருடையது என்றும் பார்க்கலாம். மேலே குரங்கைக் கடித்த கொசு கீழே இறங்கி மனிதனைக் கடிக்கிறதா என்பதற்கு நேரடிச் சான்று அதுதான். ஜிகா காட்டில் அலெக்சாண்டர் ஹாடோ குழுவினர் 120 அடி எஃகுக் கோபுரம் வைத்து வெவ்வேறு உயரத்தில், இரவும் பகலும் கொசு பிடித்தது இதைப் புரிந்துகொள்ளத்தான்: எந்தக் கொசு எந்த மணியில் எந்த மாடியில் இருக்கிறது.

உகாண்டாவிலேயே மேற்கே புவாம்பா பகுதியில் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. காட்டின் மேல்தளத்தில் ஏடிஸ் ஆஃப்ரிகானஸ் குரங்குகளுக்கு மஞ்சள் காய்ச்சல் வைரஸைக் கொடுக்கிறது. அது மனிதர்களை அதிகம் தொடுவதில்லை. அப்படியானால் மனிதருக்கு எப்படி? குரங்குகள் வாழைத்தோட்டத்துக்குத் திருட வருகின்றன. வாழையின் இலைக்கக்கத்தில் தேங்கும் துளித் தண்ணீரில் ஏடிஸ் சிம்ப்சோனி என்ற வேறு கொசு வளர்கிறது. அது குரங்கைக் கடித்துவிட்டுத் தோட்டக்காரரையும் கடிக்கிறது. இப்படி நடுவில் நிற்கும் இணைப்புக் கொசு எது என்று தெரிந்தால்தான் எங்கே கை வைப்பது என்று தெரியும். காடு முழுக்க மருந்தடிக்கத் தேவையில்லை.

வெண்குருதி:
மலேரியாவையும் சொல்லாமல் விட்டால் இழை முழுமையாகாது. மலேசியா மனித மலேரியாவை ஏறக்குறைய ஒழித்துவிட்டது. 2018 முதல் உள்ளூரில் பரவிய மனித மலேரியா பூஜ்ஜியம். ஆனாலும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோர் மலேரியாவுடன் வருகிறார்கள். பெரும்பாலும் குரங்கு மலேரியா, பிளாஸ்மோடியம் நோலெசி. மனிதருக்கு இயற்கையாகத் தொற்றியதாக முதலில் பதிவானது 1965-இல். வெகுகாலம் அரிய விசித்திரம் என்றே நினைத்தார்கள். 2004-இல் பால்பீர் சிங் குழுவினர் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் கப்பிட் பகுதியில் மூலக்கூறு முறையில் சோதித்தபோதுதான், நுண்ணோக்கியில் பார்த்து "பிளாஸ்மோடியம் மலேரியே" (மனித மலேரியாவில் சாதுவான வகை) என்று எழுதப்பட்ட பல நோயாளிகளுக்கு உண்மையில் இருந்தது நோலெசி என்று வெளிப்பட்டது. இரண்டும் கண்ணாடித்துண்டில் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் நோலெசி 24 மணிநேரத்துக்கு ஒருமுறை பெருகும். சாதுவான வகை என்று நினைத்து மெத்தனமாக இருந்தால் ஆளைக் கொண்டுபோய்விடும்.

பரப்புவது லூகோஸ்ஃபைரஸ் கூட்டத்து அனாபிலிஸ் கொசுக்கள். மலேசியாவின் சபா மாநிலத்தில் பாலபசென்சிஸ், சரவாக்கில் லேட்டன்ஸ். இவை வீட்டுக்குள் வந்து நள்ளிரவில் கடிப்பவை அல்ல. அந்தி சாயும் நேரத்தில் வெளியில், தோட்டத்தில், காட்டோரத்தில் கடிப்பவை. படுக்கைக்கு வலையும் சுவருக்கு மருந்தும் கொடுத்து ஜெயித்த திட்டம் இந்தக் கொசுவிடம் எடுபடாது. கொசு எந்த நேரத்தில் எங்கே கடிக்கிறது என்று யாராவது போய் உட்கார்ந்து பார்க்காமல் இது எப்படித் தெரியும்?

இலவம்பஞ்சு:
எல்லாரும் சுற்றி வளைக்கிறீங்க. காட்டோரத்துல ஊர் இருக்குன்னா காட்டை ஒரு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி வெட்டிட்டா முடிஞ்சுது கதை.

பொந்துநீர்:
கிண்டலோ நிஜமோ, இதைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். பிரேசிலின் அட்லாண்டிக் கரைக்காடுகளில் மரத்தில் தொற்றி வளரும் புரோமீலியச் செடிகளின் இலைக்குவளையில் தண்ணீர் நிற்கும். அதில் வளரும் அனாபிலிஸ் குரூசி மலேரியா பரப்பும். சாண்டா கத்தரினா மாநிலத்தில் 1940களில் ஊர்களைச் சுற்றிய காட்டை வெட்டி, செடிகளைக் கையால் பிடுங்கினார்கள். டிரினிடாடில் கோகோ தோட்டத்து நிழல்மரங்களில் இதே பிரச்சினை, அங்கே செடிகள் மேல் மயில்துத்தம் தெளித்தார்கள். மலேரியா குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் கவனியுங்கள், எந்தக் கொசு எந்தச் செடியில் வளர்கிறது என்று முதலில் பார்த்ததால்தான் அது பலித்தது.

பார்க்காமல் வெட்டினால்? கொலம்பியாவில் மஞ்சள் காய்ச்சல் ஆய்வாளர்கள் 1930, 40களில் கண்டது: பெரிய மரம் ஒன்று சாய்ந்ததும் உச்சியில் இருந்த ஹீமகோகஸ் நீலக் கொசுக்கள் கூட்டமாகக் கீழே வந்து மரம்வெட்டிகளை மொய்த்தன. சபாவில் காடழிப்பு நடந்த வட்டாரங்களில்தான் நோலெசி கூடியது. வெட்ட வெட்டக் காட்டின் ஓரம்தான் நீளமாகிறது, நோயும் ஓரத்தில்தான் கைமாறுகிறது. ஹீமகோகஸ் ஒரு காட்டுத்துண்டிலிருந்து இன்னொன்றுக்கு 11 கிலோமீட்டர் வரை பறந்ததையும் பிரேசிலில் பதிவுசெய்திருக்கிறார்கள். உங்கள் ரெண்டு கிலோமீட்டர் அதற்கு ஒரு காலை நடை.

கணக்கன்:
குளிர்நாட்டுக் காடும் விதிவிலக்கில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதிச் சதுப்புக்காடுகளில் குலிசெட்டா மெலனூரா என்று ஒரு கொசு பெரும்பாலும் பறவைகளையே நாடும். கிழக்குக் குதிரை மூளைக்காய்ச்சல் வைரஸ் அதனால் பறவைகளுக்குள் சுற்றும், மனிதரை அந்தக் கொசு அதிகம் தொடாது. அந்தக் கொசுவில் வைரஸ் கூடினால், பறவையையும் மனிதரையும் கடிக்கும் வேறு கொசுக்களுக்குச் சில வாரங்களில் அது போய்ச்சேரலாம் என்று அர்த்தம். மாசசூசெட்ஸில் கோடை முழுக்கக் கொசு பிடித்துச் சோதித்து, எந்த ஊர் எந்த அபாய நிலை என்று அறிவிக்கிறார்கள். அதைப் பார்த்து மாலை விளையாட்டுகளை நேரம் மாற்றுகிறார்கள். 2019-இல் நாடு முழுக்க 38 பேருக்கு அந்த நோய் வந்தது. எண்ணிக்கை சின்னது, ஆனால் வந்தவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்கு இறக்கும் நோய்.

திண்ணைப்பேச்சு:
இதுதான் எனக்குப் பிடிச்ச உதாரணம். ஏன்னா அங்க கொசுவோட முடிவுக்கும் நடவடிக்கைக்கும் நடுவுல கயிறு கட்டியிருக்கு. இந்த அளவு வந்தா இதைச் செய்னு முன்கூட்டியே எழுதிவச்சிருக்காங்க. என் எதிர்ப்பு அந்தக் கயிறு இல்லாத ஆராய்ச்சிக்குத்தான். மாதிரி எடுத்து ஒரு வருஷம் கழிச்சுக் கட்டுரை வந்தா அது கட்டுரையாளருக்குப் பதவி உயர்வு, காட்டோரத்துக்காரனுக்கு ஒண்ணும் இல்லை. அதனால எந்தத் திட்டம்னாலும் நான் கேட்கப்போறது இதுதான்: முடிவு எத்தனை நாள்ல வரும், வந்தா யார் என்ன செய்வாங்க, ஊசி கையிருப்புல இருக்கா. பதில் இல்லைன்னா அந்தக் காசைத் தண்ணித்தொட்டிக்கே செலவழிங்கன்னுதான் இப்பவும் சொல்வேன்.

வெண்குருதி:
ஊசிக் கையிருப்பு என்றதும் 2016 நினைவுக்கு வருகிறது. அங்கோலாவிலும் காங்கோ ஜனநாயகக் குடியரசிலும் மஞ்சள் காய்ச்சல் நகரங்களுக்குள் புகுந்தபோது, உலகத்துக்கென்று வைத்திருந்த அவசரக் கையிருப்பான 60 லட்சம் ஊசி தீர்ந்துபோனது. கின்ஷாசாவில் ஐந்தில் ஒரு பங்கு அளவு போட்டுத்தான் சமாளித்தார்கள். ஊசி செய்ய மாதக்கணக்கில் ஆகும். உங்கள் மூன்று கேள்வியில் மூன்றாவதைக் காட்டுச் செய்தி சீக்கிரம் வந்தால் மட்டுமே சமாளிக்க முடியும். எனவே தண்ணீர்த்தொட்டியா காடா என்று பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காட்டிலிருந்து ஒருவர் வைரஸோடு இறங்கி வந்தால் பெருக்குவது அந்தத் தொட்டிக் கொசுதான்.

பொந்துநீர்:
எதிர்த்திசையும் உண்டு. 1932-இல் பிரேசிலின் எஸ்பிரிட்டோ சாண்டோவில் ஏடிஸ் ஈஜிப்தியே இல்லாத இடத்தில் மஞ்சள் காய்ச்சலை ஃப்ரெட் சோபர் குழுவினர் கண்டார்கள். நகரக் கொசுவை ஒழித்தால் நோய் தீர்ந்தது என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று. ஊரிலிருந்து காட்டுக்குள் போன நோயை இனி வெளியே எடுக்கவே முடியாது. இன்று ஜிகா அதேபோல் அமெரிக்கக் கண்டத்துக் குரங்குகளுக்குள் குடியேறிவிடுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காட்டோரத்தில் ஊருக்கும் காட்டுக்கும் பொதுவாகத் திரியும் ஏடிஸ் ஆல்போபிக்டஸ் அதற்கு வண்டி ஓட்டலாம். குடியேறுவதற்கு முன் கண்டால்தான் பேச ஏதாவது இருக்கும்.

திண்ணைப்பேச்சின் முதல் இரண்டு கேள்வியும் சரி. எங்கள் துறையில் பலருக்கு அது உறைக்க வேண்டும்.

மழைக்குருவி:
நான் சாதாரண ஆள். அடுத்த வருஷம் தென் அமெரிக்கக் காட்டுப் பக்கம் நடைப்பயணம் போற திட்டம் இருக்கு. இவ்வளவும் படிச்சதுக்கு அப்புறம் போகலாமா வேண்டாமா?

வெண்குருதி:
தாராளமாகப் போகலாம். மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். 60 வயதைத் தாண்டியவர், கர்ப்பிணி, எதிர்ப்புச்சக்தி குறைந்தவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. அது உயிருள்ள வைரஸ் ஊசி. போகும் பகுதியின் நிலவரத்தையும் கிளம்பும் முன் பாருங்கள். கொலம்பியாவின் தோலிமா பகுதியில் 2024 இறுதியில் நோய் கூடி, 2025 ஏப்ரலில் நாடே சுகாதார அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் போனது. திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், எந்த நாடு, எந்தத் தேதி என்பதோடு. அவராகக் கேட்பார் என்று இருக்க வேண்டாம்.

ஏணிப்படி:
முழுக்கை, முழுக்கால் சட்டை. வெளிர் நிறம். கொசுவிரட்டி பகல்லயும் பூசணும், ராத்திரிக்கு மட்டும்னு எடுத்து வைக்காதீங்க அக்கா. வெட்டி சாய்ச்ச மரம் கிடந்தா பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடாதீங்க. செத்த குரங்கைப் பார்த்தா தொட வேணாம், இடத்தைக் குறிச்சு அங்க இருக்கிற வனத்துறைக்கோ சுகாதார நிலையத்துக்கோ சொல்லிட்டுப் போங்க. பிரேசில்ல போட்டோ எடுத்து அனுப்ப செயலியே இருக்கு.